ஆற்றங்கரையில் ஒரு கிலோமீட்டர்: ஒரு தடைக்கோடு பிறந்த கதை

1984 பிப்ரவரி 6ஆம் தேதி தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஆறு, ஓடை, அணை ஆகியவற்றின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், தண்ணீரைக் கடுமையாகக் கெடுக்கும் எந்தத் தொழிற்சாலைக்கும் அனுமதி தரக்கூடாது என்பது அதன் சாரம். அப்படிப்பட்ட தொழில்கள் எவை என்ற பட்டியலை மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் எல்லா உள்ளாட்சிகளுக்கும் கொடுக்க வேண்டும் என்றும் அதே ஆணை சொன்னது. வாரியம் பிறந்தே அப்போது இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. போபால் விபத்து இன்னும் நடந்திருக்கவில்லை. நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வர இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. அதற்கெல்லாம் முன்பே சென்னையில் உட்கார்ந்து யாரோ சில அதிகாரிகள் ஆற்றுக்கும் ஆலைக்கும் நடுவே ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஐந்து ஆண்டு கழித்து, 1989 மார்ச் 30 அன்று வந்த 213ஆம் எண் அரசாணை அந்தக் கோட்டுக்கு உருவம் கொடுத்தது. முதல் இணைப்பில் மிகுதியாக மாசுபடுத்தும் தொழில்களின் பட்டியல். இரண்டாவது இணைப்பில் காப்பாற்றப்பட வேண்டிய ஆறுகள், ஓடைகள், நீர்த்தேக்கங்கள். தோல் பதனிடும் ஆலையும் சாயத் தொழிலும் முதல் பட்டியலில் இருப்பதில் யாருக்கும் வியப்பு இருக்காது. அவற்றோடு அதே பட்டியலில் இருந்த இன்னொன்று சாராயம் வடிக்கும் ஆலை. இன்று பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் அதே ஆலையில்தான் பிறக்கிறது.

அது ஏன் அந்தப் பட்டியலில் வந்தது என்று தெரிந்துகொள்ள நெய்க்காரப்பட்டியில் தொடங்குவது நல்லது. பழனிக்குப் பக்கத்தில், உடுமலை போகும் வழியில், வெல்லச் சந்தைக்குப் பேர்போன ஊர். சுற்றுவட்டாரத்துக் கரும்பு ஆலைக்கொட்டகைகளில் பிழியப்பட்டு, கொப்பரையில் காய்ந்து, உருண்டை வெல்லமாக அங்கே வருகிறது. வெல்லம் காய்ச்சுகிறவர் சாற்றிலிருந்து எதையும் பிரிப்பதில்லை. அழுக்கு எடுத்த சாறு முழுவதும் வெல்லத்துக்குள் போய்விடுகிறது. வெல்லத்தின் நிறமே அதனால்தான். மிச்சமாகத் தேங்கும் திரவம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

சர்க்கரை ஆலையின் வழி வேறு. அங்கே வெள்ளைப் படிகம் மட்டும் வேண்டும். படிகம் பிரிந்த பிறகு, இனி படிகமாகாத கெட்டியான கரும்பழுப்புப் பாகு மிஞ்சுகிறது. மொலாசஸ் என்று ஆலைக்காரர்களும் கரும்பு விவசாயிகளும் சொல்வது அதைத்தான். ஒரு டன் கரும்புக்கு 40 முதல் 45 கிலோ வரை கிடைக்கும். அதில் கிட்டத்தட்ட பாதி இன்னும் சர்க்கரைதான். தண்ணீர் விட்டுக் கரைத்து ஈஸ்ட் சேர்த்தால் பொங்கிப் புளிக்கிறது. புளித்த கரைசலில் நூற்றுக்கு எட்டு, பத்து பங்குதான் ஆல்கஹால். அதை வாலையில் ஏற்றி வடித்தால் எரிசாராயம். அதில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் நீக்கினால் எரிபொருள் எத்தனால்.

எண்ணிப் பாருங்கள். நூற்றில் பத்துப் பங்கை எடுத்துக்கொண்டால் மீதித் தொண்ணூறு எங்கே போகும்? அதற்குத்தான் ஸ்பென்ட் வாஷ் என்று பெயர். ஒரு லிட்டர் சாராயத்துக்கு எட்டு முதல் பதினைந்து லிட்டர் வரை வருகிறது. கொதிக்கக் கொதிக்க, புளிப்பாக, காப்பிக் கஷாயத்தின் நிறத்தில், பொட்டாசியமும் சல்பேட்டும் நிறைந்து வெளியே வரும். நிறத்தைக் கொடுக்கும் மெலனாய்டின் எளிதில் சிதையாது. சாதாரண முறையில் சுத்திகரித்தாலும் நிறம் போவதில்லை.

நிறத்தைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. தண்ணீரில் கலந்த அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று அளக்கும் கணக்கு ஒன்று உண்டு, பி.ஓ.டி. என்பார்கள். வீட்டுச் சாக்கடையில் அது லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். ஸ்பென்ட் வாஷில் 40,000 முதல் 60,000 வரை. ஆற்றில் விடுவதென்றால் 30க்கு மேல் போகக்கூடாது என்பது விதி. தெளிந்த ஆற்றுத் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். மீன் சுவாசிப்பது அதைத்தான். அப்படியானால் 50,000 அளவுள்ள ஒரே ஒரு லிட்டர் ஸ்பென்ட் வாஷுக்கு ஆறாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட ஆற்றுத் தண்ணீரின் ஆக்சிஜனை முழுக்க விழுங்கும் திறன் இருக்கிறது. நாளொன்றுக்கு 50,000 லிட்டர் வடிக்கும் நடுத்தர ஆலை, லிட்டருக்குப் பத்து என்று வைத்தாலும், தினமும் ஐந்து லட்சம் லிட்டர் இதை வெளியேற்றும். ஒரு லிட்டரில் உள்ள அழுக்கு ஏறக்குறைய ஒரு மனிதரின் ஒருநாள் கழிவுக்குச் சமம். அதாவது ஐந்து லட்சம் பேர் வாழும் நகரத்தின் சாக்கடைச் சுமை, ஒரு குழாய் வழியாக.

1989 பட்டியலை எழுதியவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துதான் எழுதியிருக்க வேண்டும். அவர்களுக்கு முன்னே பிரேசில் என்ற எச்சரிக்கையும் இருந்தது. எண்ணெய் விலை ஏறியபோது 1975இல் அந்த நாடு கரும்புச் சாராயத்தில் கார் ஓட்டும் திட்டத்தைத் தொடங்கியது. மூன்றே ஆண்டில், 1978இல், இந்தக் கழிவை ஆறுகளில் கொட்டுவதற்குத் தடை போட வேண்டி வந்தது. அதற்குள் ஆறுகள் பட்ட பாடுதான் அந்தத் தடையை எழுத வைத்தது.

இனி பழனி மலையின் கதை. மேற்கே மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கிலிருந்து கிழக்கே சிறுமலையை எட்டிப் பார்க்கும் தூரம் வரை நீண்டு கிடக்கிற இந்த மலைக்கு இரண்டு சரிவு. தெற்கே இறங்கும் வராக நதியும் மஞ்சளாறும் மருதாநதியும் வைகைக்குப் போகின்றன. வடக்கே இறங்குவது சண்முகநதி, குதிரையாறு, நங்காஞ்சி, குடகனாறு. இவை அமராவதியில் சேர்ந்து, கரூருக்குக் கிழக்கே திருமுக்கூடலூரில் காவிரிக்குள் போகின்றன. அமராவதியே பிறப்பது பழனி மலைக்கும் ஆனைமலைக்கும் நடுவில்தான். கொடைக்கானலில் பெய்கிற மழை எந்தப் பக்கம் வழிந்தாலும் அது யாரோ ஒருவரின் வயலும் கிணறும் ஆகிறது.

மேலே நடப்பது கீழே இறங்கும் என்று இந்த மலைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடைக்கானலில் 1980களில் வந்த வெப்பமானித் தொழிற்சாலை பாம்பார் சோலைக்கு மேலே உட்கார்ந்திருந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் டன் கணக்கில் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே தெரிந்து, 2001இல் ஆலை மூடப்பட்டது. மண்ணைச் சுத்தம் செய்யும் வழக்கும் வாதமும் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் இழுத்தன. அந்தச் சோலையின் நீர் இறங்குவது கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம்.

ஆனால் ஆற்றங்கரைக் கோடு உச்ச நீதிமன்றம் வரை போனது மலையடிவாரத்தின் இன்னொரு துயரத்தோடு. வேலூரில் பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991இல் வழக்குப் போட்டது. திண்டுக்கல் தோல் ஆலைகளும் அந்த வழக்குக்குள் வந்தன. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கு தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது: குடிக்கவும் பாய்ச்சவும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. குடகனாற்றின் நாடு அது. பழனி மலையின் கிழக்கு அடிவாரம். குடிதண்ணீருக்காகப் பெண்களும் பிள்ளைகளும் மைல் கணக்கில் நடக்க வேண்டியிருந்தது.

1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும், ஆபத்து முழுக்க நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று அறிவித்த தீர்ப்பு அது. உலகமெங்கும் சட்ட மாணவர்கள் அதற்காகவே அதைப் படிக்கிறார்கள். நமக்கு முக்கியமான பகுதி வேறு. 213ஆம் ஆணை ஏட்டில் மட்டும் இருந்துவிடக் கூடாது, பட்டியலில் உள்ள எந்தப் புதிய ஆலையும் தடைப் பகுதிக்குள் வரக்கூடாது, ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றை இடம் மாற்றச் சொல்லவும் அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. மாநில அரசின் ஒரு துறை ஆணைக்கு உச்ச நீதிமன்றத்தின் பலம் வந்து சேர்ந்தது. அதை வாங்கித் தந்ததில் திண்டுக்கல் சீமையின் கெட்டுப்போன கிணறுகளுக்கும் பங்கு உண்டு.

1998 மே மாதம் 127ஆம் எண் ஆணை வந்தது. காவிரியும் அதன் கிளையாறுகளும், தென்பெண்ணை, பாலாறு, வைகை, தாமிரபரணி ஆகிய ஆறுகளுக்குக் கோடு ஒன்றிலிருந்து ஐந்து கிலோமீட்டராக நீண்டது. வைகை, காவிரியின் கிளையாறுகள் என்ற இரண்டு சொற்களையும் பழனி மலையின் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். மலையின் தெற்குச் சரிவும் வடக்குச் சரிவும் கொண்டுவரும் நீர் முழுவதும் போய்ச் சேருவது அந்த ஆணை பெயர் சொல்லிக் காத்த ஆறுகளில்தான்.

கோடு பிறப்பதற்கு முன்பே ஆற்றுப் பாசனத்தை நம்பி வந்தது ஓர் ஆலை. பழனிக்கு மேற்கே, மடத்துக்குளம் வட்டத்தில், கிருஷ்ணாபுரத்தில் இருக்கிற அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலை தமிழ்நாட்டின் பழைய கூட்டுறவு ஆலைகளில் ஒன்று. காமராஜர் காலத்தில், 1957இல், 90 அடி நீர்மட்டம் கொண்ட அமராவதி அணை எழுந்தது. திருப்பூர், கரூர் மாவட்டங்களில் ஐம்பதாயிரம் ஏக்கருக்கு மேல் அதை நம்பியிருக்கிறது. அணை வந்ததும் கரும்பு பரவியது. கரும்பைத் தொடர்ந்து ஆலை வந்தது. பின்னாளில் ஆலையோடு எரிசாராயம் வடிக்கும் பிரிவும் சேர்ந்தது. தமிழ்நாட்டுக் கூட்டுறவு ஆலைகளில் இப்படி வடிப்பாலை வைத்திருப்பவை இரண்டே: ஒன்று இது. இன்னொன்று நாமக்கல் மாவட்டம் மோகனூரில், காவிரிக் கரையில் இருக்கும் சேலம் கூட்டுறவு ஆலை.

இந்த இடத்தில் நின்று பேச வேண்டியிருக்கிறது. ஆலை என்றாலே ஆற்றின் எதிரி என்று எழுதிவிட்டுப் போவது எளிது. கிருஷ்ணாபுரம் ஆலை அங்கத்தினரான கரும்பு விவசாயிகளுடையது. இயந்திரங்கள் பழுதாகி அண்மை ஆண்டுகளில் அரவை நின்றபோது, ஆலையைப் புதுப்பித்துத் தாருங்கள் என்று தெருவுக்கு வந்தவர்களும் அவர்களே. சர்க்கரை விலை விழும் ஆண்டில் சாராயமும் எத்தனாலும் கொண்டுவரும் பணத்தால்தான் கரும்புப் பாக்கி கைக்கு வரும் என்று அவர்கள் நம்புவதில் நியாயம் இருக்கிறது. அதே விவசாயியின் கிணறுதான் ஆலையின் கழிவு நிலத்தில் இறங்கினால் முதலில் கெடப்போவதும். ஆற்றுக்கும் ஆலைக்கும் நடுவே கிழித்த கோடு உண்மையில் அந்த ஒரே மனிதரின் இரண்டு தேவைகளுக்கு நடுவில் ஓடுகிறது. அவரை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அநியாயம். கழிவை ஒழுங்காகக் கையாளும் செலவை ஆலையின் அடிப்படைச் செலவாகக் கருதுவதே முறை.

கையாள வழி உண்டு. ஸ்பென்ட் வாஷை மூடிய தொட்டியில் புளிக்கவைத்து மீத்தேன் எடுத்துக் கொதிகலனுக்கு எரிபொருளாக்கலாம். மீதியை ஆவியாக்கிச் சுண்டவைத்து, சர்க்கரை ஆலையின் பிரஸ்மட் கழிவோடு சேர்த்து உரமாக்கலாம். அல்லது எரித்துச் சாம்பலிலிருந்து பொட்டாஷ் எடுக்கலாம். 2003இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் தொழில்துறையோடு செய்த உடன்பாட்டின்படி வடிப்பாலைகள் ஸ்பென்ட் வாஷ் முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. சொட்டுக்கூட வெளியே விடாத நிலை என்பது இன்று ஏட்டளவில் விதி. ஆனால் ஆவியாக்கும் இயந்திரம் மின்சாரமும் நீராவியும் தின்னும். தேக்கும் குளத்தின் அடித்தளம் விரிசல் விடும். உரக்களத்தில் ஐப்பசி மழை கொட்டினால் கரும்பழுப்புத் தண்ணீர் வாய்க்காலைத் தேடும். எல்லா இயந்திரமும் எல்லா நாளும் சரியாக ஓடும் என்று நம்ப முடியாததால்தான் தூரம் தேவைப்படுகிறது. ஐந்து கிலோமீட்டர் என்பது பிழை நேர்ந்தால் ஆற்றுக்குக் கிடைக்கும் அவகாசம்.

அவகாசம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பஞ்சாப் காட்டியது. 2018 மே மாதம் குர்தாஸ்பூர் மாவட்டத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் மொலாசஸ் பியாஸ் ஆற்றில் கலந்து மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. அது நஞ்சு கூட அல்ல, வெறும் இனிப்புப் பாகு. ஆக்சிஜன் தீர்ந்ததுதான் காரணம்.

எத்தனாலின் எழுச்சியும் இதே காலத்தில்தான். பெட்ரோலில் சாராயம் கலப்பது நமக்குப் புதிதல்ல. 1948இலேயே அதற்கு ஒரு சட்டம் இருந்தது. 2001இல் முன்னோட்டம் பார்த்து, 2003 ஜனவரியில் ஒன்பது மாநிலங்களில் நூற்றுக்கு ஐந்து பங்கு கலக்க உத்தரவானது. தமிழ்நாடு அதில் ஒன்று. பிறகு நெடுநாள் ஆமை வேகம். 2018இல் உயிரி எரிபொருள் கொள்கை வந்ததும் ஓட்டம் பிடித்தது. 2022இல் பத்து சதவீதம் எட்டியது. 2030க்கு வைத்திருந்த இருபது சதவீத இலக்கை முன்னே இழுத்து 2025இல் எட்டிவிட்டார்கள். 2023இல் தமிழ்நாடு அரசும் எத்தனாலுக்குத் தனிக் கொள்கை வெளியிட்டு முதலீட்டாளர்களை அழைத்தது. கரும்போடு மக்காச்சோளமும் உடைந்த அரிசியும் மூலப்பொருளாயின.

அவசரத்தில் சில கதவுகள் திறந்தன. 2021 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தன் விதிகளைத் திருத்தி, ஏற்கெனவே அனுமதி பெற்ற ஆலைகள் எரிபொருள் எத்தனாலுக்காக மட்டும் திறனைக் கூட்டினால் அவற்றை ‘பி2’ வகையில் சேர்த்தது. அந்த வகைக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. இதை நான் பெரிய தவறாகவே பார்க்கிறேன். குடிக்கிற சாராயத்துக்காக வடித்தாலும் கார் ஓட வடித்தாலும் வாலைக்கு அடியில் வருவது அதே ஸ்பென்ட் வாஷ். எரிபொருள் என்று பெயர் வைத்ததால் அதன் பி.ஓ.டி. ஒரு மில்லிகிராம்கூடக் குறையாது. கருத்துக்கேட்பில் வந்து பேசுகிறவர் பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான். எந்த ஓடை எந்த மழைக்கு எங்கே பெருகும் என்று அறிக்கை எழுதுகிறவரைவிட அவருக்குத் தெரியும்.

பஞ்சாபின் ஜீரா பகுதியில், மன்சூர்வால் கிராமத்து எத்தனால் ஆலைக்கு எதிராக 2022 ஜூலையில் தொடங்கிய போராட்டம், பனியிலும் நீடித்து, 2023 ஜனவரியில் முதலமைச்சர் ஆலையை மூட உத்தரவிட்ட பிறகே அடுத்த கட்டத்துக்குப் போனது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் நாறியதாக ஊர் மக்கள் சொன்னதில் பிறந்த போராட்டம் அது. அங்கே பேச்சு நிலத்தடி நீரைப் பற்றியது. நம் கோட்டில் உள்ள ஓட்டையும் அதுவே: கரையிலிருந்து அளக்கிறோம், கிணற்றிலிருந்து அளப்பதில்லை. ஆற்றிலிருந்து ஆறாவது கிலோமீட்டரில் இருக்கிற தோட்டக் கிணற்றுக்கு 1998 ஆணை எதையும் சொல்லவில்லை.

தண்ணீரைக் கெடுப்பது ஒரு பக்கம், குடிப்பது இன்னொரு பக்கம். கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க, பயிரின் தேவையையும் சேர்த்தால், ஏறத்தாழ 2,860 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று 2021இல் நிதி ஆயோக்கின் திட்ட அறிக்கையே கணக்குப் போட்டது. அமராவதி அணையைத் திறக்க நாள் பார்த்துக் காத்திருக்கும் கடைமடைக்காரருக்கு இந்த எண்ணின் கனம் புரியும். பெட்ரோல் இறக்குமதி குறைவதால் மிச்சமாகும் டாலரை எழுதும்போது, அதே தாளின் மறுபக்கத்தில் இந்தத் தண்ணீரையும் எழுதியாக வேண்டும்.

1984 ஆணைக்குத் திரும்ப ஒரு காரணம் இருக்கிறது. மாசுபடுத்தும் தொழில்களின் பட்டியல் உள்ளாட்சிகளின் கையில் இருக்க வேண்டும் என்று அது சொன்னதே, அந்தப் பகுதி பெரும்பாலும் மறந்துபோயிருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 கூட்டம் உலகத் தண்ணீர் நாளையொட்டியது. மடத்துக்குளம், பழனி, ஒட்டன்சத்திரம், பெரியகுளம் வட்டாரக் கிராமங்களில் அடுத்த மார்ச் 22 அன்று ஊராட்சி நிர்வாகத்திடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். 213ஆம் ஆணையின் இரண்டு இணைப்புகளும் இந்த அலுவலகத்தில் இருக்கின்றனவா? நம் ஊர் ஓடையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் எந்த ஆலைக்காவது திறன் கூட்ட விண்ணப்பம் போயிருக்கிறதா? ஆலையைச் சுற்றியுள்ள கிணறுகளில் கடைசியாக எப்போது தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள், முடிவு எங்கே? பதில் இல்லையென்றால் அதையே தீர்மானமாக எழுதி, மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்பச் சொல்லலாம். கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தில் அதற்குப் பக்கம் இருக்கிறது.